பாதியில் நின்ற சுற்று

தன் குடல் பிறந்ததிலிருந்தே இடம் மாறிக் கிடக்கிறது என்பது தணிகைவேலுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

அன்று அவன் போனது சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க. அலுவலக நண்பர் வீட்டுப் புதுமனை விழாவில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன், வாசலில் நின்ற வேனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனைவி சாருமதிதான் பிடிவாதமாக மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தார்கள். படத்தைப் படித்துச் சொல்லும் இயந்திரம் அதை ஏற்க மறுத்தது. 'படம் இடவலம் மாறியுள்ளது. நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து மீண்டும் எடுக்கவும்' என்று திருப்பி அனுப்பியது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே பதில். இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்ததும் அதையே சொன்னது. கடைசியில், மனிதர் யாராவது பார்க்கட்டும் என்று குடல் அறுவை மருத்துவர் ஷாஹிதாவிடம் அனுப்பிவைத்தார்கள்.

ஷாஹிதாவுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான் இருக்கும். படத்தைத் திரையில் போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "சின்ன வயசுல அடிக்கடி வயித்துவலி வருமா சார்?" என்று கேட்டார்.

சாருமதி சிரித்துவிட்டாள். "இவருக்குப் பேரே அதுதான் டாக்டர். இவங்க சொந்தத்துல யாரைக் கேட்டாலும், 'ஓ, அந்த வயித்துவலிக்காரனா'ன்னுதான் கேப்பாங்க."

ஷாஹிதா சிரிக்கவில்லை. "அம்மா வயித்துல இருக்கிறப்ப எல்லாக் குழந்தைக்கும் குடல் கொஞ்ச நாள் வெளிய, தொப்புள்கொடிக்குள்ள போய் இருக்கும். உள்ள இடம் பத்தாது, அதனால. வயிறு கொஞ்சம் பெருசானதும் திரும்பி வரும். வர்றப்ப ஒரு சுத்து சுத்தி, அதது இடத்துல போய் ஒட்டிக்கணும். உங்களுக்கு அந்தச் சுத்து பாதியில நின்னுடுச்சு. சிறுகுடல் பூரா வலப்பக்கம், பெருங்குடல் பூரா இடப்பக்கம். குடல்வால்கூட இடப்பக்கம்தான் இருக்கு. மெஷின் குழம்பினதுல தப்பே இல்லை."

"இத்தனை வருஷமா இப்படியேவா இருந்திருக்கேன்?"

"இப்படியேதான். மொத்தச் சிறுகுடலும் ஒரு மெல்லிசான காம்புல தொங்குது. சில நேரம் முறுக்கிக்கும். வலிக்கும். அப்புறம் தானா பிரிஞ்சுக்கும். பெரும்பாலும் குழந்தையிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. உங்களை மாதிரி தப்பிச்சு வர்றவங்களும் இருக்காங்க. ஆனா ஒரு நாள் முறுக்கினது பிரியாமப் போனா, ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுகிடும். அது எந்த நாள்னு யாராலயும் சொல்ல முடியாது."

தணிகைவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தில் சுருண்டு சுருண்டு கிடந்த அது அவனுடையது. வலது ஓரத்தில் ஒதுங்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தன்பாட்டுக்கு இருந்தது.

"அப்போ நான் நடிக்கலை," என்றான்.

"என்ன சார்?"

"இல்ல. பரீட்சை வந்தா இவனுக்கு வயித்துவலி வந்துடும், நல்லா நடிக்கிறான்னு எங்கம்மா சொல்வாங்க. கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்." சாருமதி சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை செய்துவிட்டால் போதும், பயமில்லை என்றார் ஷாஹிதா. குடலை மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரி மாற்றி வைக்கப்போவதில்லை. இருக்கிற இடத்திலேயே பத்திரமாக இருக்கும்படி காம்பை அகலப்படுத்தி, குறுக்கே ஓடும் பட்டைகளை வெட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. அதற்கு 'வாசிப்பு' என்று பெயர்.

"குடல் சுவத்துல இருக்கிற நரம்புங்க ஒரு குட்டி மூளை மாதிரி. ஒவ்வொரு முறுக்கலையும் அது பதிஞ்சு வெச்சுக்குது, அடுக்கடுக்கா. ஒரு பதிவை நாங்க தட்டினா, அது மேல மூளைக்குச் சேதி அனுப்பும். எந்த இடத்துல முறுக்குச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கு வலி தெரியாம மருந்து குடுத்துடுவோம். ஆனா ஒண்ணு..." ஷாஹிதா கொஞ்சம் தயங்கினார். "வலியோட சேர்ந்து அந்த நேரத்துல இருந்ததெல்லாம் எழுந்து வரும். சத்தம், வாசனை, யார் தொட்டாங்க, என்ன சொன்னாங்க, எல்லாம். ஞாபகம் வர்ற மாதிரி இருக்காது. அங்கயே இருக்கிற மாதிரி இருக்கும். சில பேருக்கு அது கஷ்டமா இருக்கும்."

"கஷ்டமாவா?"

"சில பேருக்குக் கஷ்டமா இல்லாததுதான் கஷ்டம்," என்றார் ஷாஹிதா. அப்போது அவனுக்கு அது புரியவில்லை.

*

இடுப்பில் அகலமான ஒரு பட்டையைக் கட்டி, சாய்ந்த கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். வயிற்றுக்குள் யாரோ மெல்ல விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது.

முதலில் வந்தது நீராவிச் சத்தம். அனல்மின் நிலையத்தில் கொதிகலனைத் திறந்துவிடும்போது காதை அடைத்துக்கொண்டு வரும் அந்தச் சீற்றம். அதன் பின்னாலேயே கரிச்சாம்பல் வாசனை, எண்ணெயில் பொரியும் நெத்திலி வாசனை. கன்னத்துக்கு அடியில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. அவன் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுத்திருந்தான். அவனுக்கு ஒன்பது பத்து வயது.

"டேய் தணி. கண்ணைத் தொறயேன். தோ பாரு, கப்பல் ஒண்ணு உள்ள வருது. மஞ்சக் கொடி."

அக்கா.

அக்கா கயல்விழி இறந்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. இத்தனை வருடத்தில் அவன் மனதுக்குள் அவள் குரலை எப்படியோ இனிமையாக்கி வைத்திருந்தான். அது அப்படி இல்லை. தொண்டை கட்டின பையன் பேசுகிற மாதிரி கரகரப்பாக இருந்தது. ஒரு கை அவன் வயிற்றின் மேல் இருந்தது. மருதாணி வாசனை அடித்தது.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது முகமெல்லாம் ஈரமாக இருந்தது. ஷாஹிதா டிஷ்யூ நீட்டினார்.

"இன்னொண்ணு," என்றான் தணிகைவேல்.

ஒரு பதிவை ஒரு தடவைதான் வாசிக்க முடியும் என்று அப்போது சொன்னார் ஷாஹிதா. வாசித்ததும் அது கலைந்துவிடும். அறுவை சிகிச்சை முடிந்தால் எல்லாமே கலைந்துவிடும். ஒவ்வொரு வாசிப்பும் குடலைக் கொஞ்சம் சீண்டிவிடும் என்பதால் அதிகம் செய்யவும் கூடாது.

"எனக்கு மூணு நாலு பதிவு வேணும். அது நியாயமான தேவை. அதுக்கு மேல கேக்காதீங்க சார். போன வருஷம் ஒருத்தர் ஆபரேஷனே வேண்டாம்னுட்டு எழுந்து போயிட்டார். அவருக்கு அவங்க அம்மா. அப்புறம் அவரு திரும்பி வரவே இல்லை."

தணிகைவேல் தலையாட்டினான். ஆனால் மூன்று நான்கோடு நிற்கவில்லை. படம் தெளிவாக இல்லை, இன்னும் ஒன்று பார்த்துவிடலாம் என்று அவனே மருத்துவரைப் போலப் பேசினான். ஷாஹிதா ஒவ்வொரு முறையும் கடைசி என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டார்.

அவன் வளர்ந்த மின்நிலையக் குடியிருப்பு இப்போது இல்லை. முதலில் கரையில் கொட்டியிருந்த கருங்கற்களைக் கடல் விழுங்கியது. பிறகு விளையாட்டுத் திடலை. பிறகு ஒவ்வொரு பிளாக்காக. அங்கிருந்த சனங்கள் செங்கல்பட்டுப் பக்கமும் அரக்கோணம் பக்கமும் சிதறிப் போனார்கள். இன்று அந்த இடத்தில் ஆரஞ்சு நிற மிதவைகள் நான்கைந்து ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்துக்குத்தான் அவன் வாசிப்பில் வாராவாரம் போய்வந்தான்.

கொடியில் காயும் துணிமேல் படியும் சாம்பலை அம்மா திட்டிக்கொண்டே உதறும் சத்தம். ஷிப்ட் முடிந்து அப்பா படியேறும்போது ரப்பர் செருப்பு அடிக்கும் தாளம். நிலையத்திலிருந்து வெந்நீர் வரும் கால்வாய், அதில் மார்கழியிலும் குளிக்கும் பிள்ளைகளின் கும்மாளம். கேட்டுக்கு வெளியே பர்மாக்காரர் போடும் அத்தோ நூடுல்ஸில் பிழியும் எலுமிச்சையும் வறுத்த பூண்டும். எங்கே போனாலும் அக்கா இருந்தாள். வலி வந்தால் மற்றவர்கள் நடிப்பு என்பார்கள். அவள் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். தன் தட்டில் இருக்கும் அத்தோவைப் பாதியோடு அவன் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே துன்னு. எனக்குப் போதும்டா," என்பாள். இப்போதும் அதைக் கேட்கும்போது அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு பாசமாக யார் இருந்தார்கள்?

முதலில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாருமதியிடம் சொன்னான். அவளும் ஆசையாகக் கேட்டாள். பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டான். சொன்னால் கொஞ்சம் கரைந்துவிடும் என்று தோன்றியது. தான் வேலை பார்க்கும் பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரத்தை எண்ணிக்கொண்டிருப்பான். வலி வந்தால் மாத்திரை போடாமல் இருக்கத் தொடங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாருமதி காபியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் என்னைக்குங்க?"

"அடுத்த மாசம் பார்க்கலாம்னு..."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. உங்களுக்கு அக்கா வேணும், புரியுது. நான் யாருங்க? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆகிட்டா நான் எந்த மெஷின்ல போய்ப் படுக்கிறது? எனக்குத்தான் நல்ல குடலாச்சே. ஒண்ணுமே பதிஞ்சிருக்காது."

காபி ஆடை கட்டிப் போயிற்று. அன்று மாலையே ஷாஹிதாவிடம் பேசி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பதிவுகள் மட்டும் வேண்டும் என்றான். ஒன்று, இருப்பதிலேயே அடியில் இருக்கிற, மிகப் பழைய பதிவு. இன்னொன்று, அக்கா இறந்த அன்று பதிந்தது. அக்கா இறந்த சேதி வந்தபோது அவன் கல்லூரி விடுதியில் வலியில் சுருண்டு கிடந்தான். யார் வந்து சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்பது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஷாஹிதா யோசித்துவிட்டுச் சொன்னார். "பழசு இன்னைக்கு. அது நாளைக்கு. அதோட முடிஞ்சது."

*

பழைய பதிவில் அவனுக்கு ஆறு வயது. பிளாக்கின் மாடிப்படி வளைவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வயிற்றுக்குள் துணியைப் பிழிகிற மாதிரி ஏதோ நடந்தது. இப்படி ஒன்று தனக்கு நடக்கும் என்றே அதுவரை தெரியாத குழந்தை, பயத்தில் கத்தக்கூட இல்லாமல் வாயைத் திறந்தபடி இருந்தது.

படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் அக்கா. அவளுக்குப் பத்து வயது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். கத்தவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை.

"வயிறா? முறுக்குதா? கம்முனு இரு. இப்படி இடப்பக்கமா சாஞ்சு படு. முட்டியை மடக்கு, இன்னும் மடக்கு. மூச்சைப் புடிக்காத. இப்போ பச்சையா வாந்தி வரும். கசக்கும். பயந்துக்காத. வந்துட்டா கொஞ்ச நேரத்துல வுட்டுடும்."

வந்தது. பச்சையாக, கசப்பாக. அக்கா தன் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலால் படியைக் கழுவிவிட்டாள். அவன் வாயைத் தன் பாவாடையால் துடைத்தாள்.

"அம்மாகிட்ட வயித்துவலின்னு மட்டும் சொல்லு. பச்சையா வந்துச்சுன்னு சொல்லிடாத. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் வயித்தை அறுத்துடுவாங்க. சத்தியமா சொல்லக்கூடாது. இன்னா?"

அவன் சத்தியம் செய்தான்.

கட்டிலில் கண் விழித்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கேட்டதை அப்படியே ஷாஹிதாவிடம் சொன்னான். "நான் அந்தச் சத்தியத்தை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்தியிருக்கேன் டாக்டர். பச்சை வாந்தியைப் பத்தி யார்கிட்டயும் வாயே தொறந்ததில்லை. பொண்டாட்டிகிட்டகூட."

ஷாஹிதா பேனாவை மேசைமேல் வைத்தார். "குழந்தை பச்சையா வாந்தி எடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் சார். எந்த டாக்டரா இருந்தாலும் அன்னைக்கே குடலைப் பார்த்திருப்பார்." பிறகு புருவத்தைச் சுருக்கினார். "இதுக்கு முன்னாடி உங்களுக்கு இந்த வலி வந்ததா?"

"இல்லை. இதுதானே அடியில இருந்த பதிவு? இதுதான் முதல் தடவை."

"அப்போ பச்சையா வரும், கசக்கும், அப்புறம் விட்டுடும்னு பத்து வயசுப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தணிகைவேலின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பாதியோடு தள்ளிவிடப்பட்ட தட்டுகள் ஒவ்வொன்றாக அவன் கண்முன் வந்தன. மொட்டை மாடியில் அவன் படுத்திருக்கும்போது பக்கத்தில் அவளும் முட்டியை மடக்கி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள். துணைக்குப் படுத்திருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"அக்கா எப்படி இறந்தாங்க?" ஷாஹிதா மெதுவாகக் கேட்டார்.

"பிரசவத்துல... பிரசவம் ஆகி ஒரு வாரத்துல. வயிறு வீங்கிப் போச்சு. பச்சை உடம்புல காய்ச்சல் கண்டுடுச்சுன்னு சொன்னாங்க."

"பிள்ளை உண்டாகி இருக்கிறப்பவும், பெத்த உடனேயும், வயித்துக்குள்ள எல்லாம் இடம் மாறும். இந்த மாதிரி குடலுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. சில குடும்பத்துல இது ஒருத்தரோட நிக்காது சார்." ஷாஹிதா அவன் கண்ணைப் பார்த்தார். "அந்தக் குழந்தை?"

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தேழு வயது. பெயர் நறுமுகை. அக்கா போன மறுவருடமே அவள் கணவர் வேறு திருமணம் செய்துகொண்டார். நறுமுகை அப்பா வீட்டோடுதான் வளர்ந்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாமா என்று பேசுவாள். அரக்கோணத்தில் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம்.

மருத்துவமனை வராந்தாவிலிருந்தே அவளைக் கூப்பிட்டான்.

"மாமா! என்ன அதிசயமா இருக்கு, இந்த நேரத்துல?"

"சும்மாதாம்மா. உடம்பு எப்படி இருக்கு? சாப்பிடறியா?"

"எங்க சாப்பிடறது? வாந்திதான். மாமியார் மசக்கைங்கிறாங்க. கிளினிக்ல குடுத்த பெல்ட்டைக் கட்டிட்டிருக்கேன், குழந்தை நல்லா இருக்குன்னு அது தினமும் பச்சை விளக்கு காட்டுது. எனக்குத்தான் வயித்தை அப்பப்போ பிழியுது. சின்னதுல இருந்தே எனக்கு கேஸ் தொந்தரவு இருக்கே, அதான்."

"முகை, வாந்தி பச்சையா வருதா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லலையே மாமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

*

மறுநாள் அவன் வாசிப்புக்குப் போகவில்லை. சாருமதியும் அவனும் காலை ரயிலில் அரக்கோணம் போனார்கள். நறுமுகையின் மாமியார் முதலில் முகம் கொடுக்கவில்லை. "மாசமா இருக்கிற பொண்ணை எதுக்கு அலைய விடணும்? பெல்ட்டே நல்லா இருக்குன்னு சொல்லுதே," என்றார்.

"அந்த பெல்ட் குழந்தையைத்தான் பார்க்குதுங்க," என்றாள் சாருமதி. "குழந்தையோட அம்மாவை யாரும் பார்க்கலை. இவளைப் பெத்தவளையும் அப்படித்தான் பார்க்காம விட்டாங்க."

மாமியார் உள்ளே போய், வழிக்கு வேண்டுமே என்று ரசம் சாதத்தை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார்.

திரும்பி வரும் ரயிலில் தணிகைவேலுக்கு வலி எடுத்தது. வழக்கமான வலி என்றுதான் முதலில் நினைத்தான். இடப்பக்கமாகச் சாய்ந்து முட்டியை மடக்கினான். பச்சையாக வந்தது. ஆனால் விடவில்லை. பெரம்பூர் தாண்டும்போது அவன் முகம் சாம்பலாகிவிட்டது. நறுமுகை அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சை விடுங்க மாமா, மூச்சை விடுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

நிலையத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஷாஹிதா நேராக அறுவை அறைக்கே வந்துவிட்டார்.

கண் விழித்தபோது வயிற்றில் ஒரு பெரிய அமைதி இருந்தது. எத்தனையோ வருடமாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திடீரென்று நிறுத்திவிட்டாற்போல இருந்தது. ஷாஹிதா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"குடலை முழுசா காப்பாத்திட்டோம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா முடிஞ்சிருக்காது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "பதிவுங்க எதுவும் இல்லை சார். எல்லாம் கலைஞ்சிடுச்சு. அந்தக் கடைசி ஒண்ணும்."

"பரவாயில்லை டாக்டர்," என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சாருமதி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்காவின் கரகரத்த குரலை மனதுக்குள் எழுப்பிப் பார்த்தான். வந்தது. ஆனால் ஏற்கெனவே அது கொஞ்சம் இனிமையாக மாறத் தொடங்கியிருந்தது.

நறுமுகையின் படத்தையும் இயந்திரம் திருப்பி அனுப்பியது. இந்த முறை யாரும் மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. இன்னும் முற்றாக முறுக்கவில்லை, இந்த மாதத்தில் செய்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்றார் ஷாஹிதா. வாசிப்பு ஒன்றே ஒன்று போதும், கர்ப்பிணிக்கு அதற்கு மேல் கூடாது என்றும் சொன்னார்.

சக்கர நாற்காலியில் தணிகைவேலையும் அந்த அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். திரையில் நறுமுகையின் பதிவுகள் கோடு கோடாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கெல்லாம் கீழே, தனியாக, மெல்லியதாக ஒரு கோடு இருந்தது.

"இது என்ன டாக்டர்?" என்று கேட்டாள் நறுமுகை.

ஷாஹிதா கிட்டப் போய்ப் பார்த்தார். "இது... நீங்க பிறந்து ரெண்டு மூணு நாள்ல வந்ததா இருக்கணும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில் குழந்தையின் பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"குழந்தைக்கு அப்போ பேச்சு புரிஞ்சிருக்காதே?" நறுமுகை கேட்டாள்.

"அப்போ புரிஞ்சிருக்காது. சத்தம் மட்டும் பதிஞ்சிருக்கும். இப்போ கேக்கப் போறது நீங்கதானே."

தணிகைவேலை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, உள்ளே போய்த் தானும் அந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று வெறியாக இருந்தது. அதைச் சாருமதியிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது நறுமுகையின் கண்கள் வீங்கியிருந்தன. நேராகத் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

அவளுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழந்தை அசைகிறது என்று கையை வைத்துக் காட்டினாள். நடக்கலாம் என்று சொன்ன பிறகு, மாமனும் மருமகளுமாக மருத்துவமனைத் தோட்டத்தில் காலையில் மெதுவாக நடப்பார்கள். இருவருக்கும் வயிற்றில் தையல். சிரித்தால் இழுக்கும். அதனால் ஒருவரை ஒருவர் சிரிக்கவைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதை இருவருமே மீறிக்கொண்டிருந்தார்கள்.

நடந்து நடந்து அவளிடம் அக்காவைப் பற்றி எல்லாம் சொன்னான். மஞ்சள் கொடிக் கப்பலை, வெந்நீர்க் கால்வாயை, அத்தோவை, மாடிப்படியை. சொன்னால் கரைந்துவிடும் என்ற பயம் இப்போது இல்லை.

"அப்போ உங்க மேல இருந்த பாசத்துல தட்டைத் தள்ளலையா மாமா? சாப்பிட முடியாமத்தான் தள்ளினாங்களா?"

"ரெண்டும்தான்னு சாருமதி சொல்றா. சாப்பிட முடியாட்டி வேற யாருக்கு வேணும்னாலும் குடுத்திருக்கலாமேங்கிறா." கொஞ்ச தூரம் நடந்தான். "நானும் அப்படித்தான் வெச்சுக்கிட்டிருக்கேன்."

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாருமதி வாங்கிக் கொடுத்திருந்த இளநீரை நறுமுகை மெல்ல உறிஞ்சினாள். பிறகு அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்கு அம்மா சிரிச்சாங்க மாமா. யாரோ நர்ஸ்கூட ஏதோ பேசிக்கிட்டே. நான் அழறேன், என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாங்க. முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க." நிறுத்தினாள். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"நறுமுகைன்னா?"

"இல்லை. அது அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா வெச்ச பேரு. அம்மா வேற ஒண்ணு வெச்சிருக்காங்க. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக் கூப்பிட்டாங்க."

தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். தையல் சுரீரென்றது. அக்காவுக்குப் பிடித்த பெயர்கள், தோழிகளின் பெயர்கள், அவள் பொம்மைக்கு வைத்த பெயர் என்று மனம் வேகமாகத் துழாவியது. குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாள் என்று அவன் அவளை ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்ன பேரும்மா?"

நறுமுகை ஸ்டிராவை உதட்டிலிருந்து எடுத்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று இருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அது எனக்கு மட்டும் இருக்கட்டும் மாமா. கோவிச்சுக்காதீங்க."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அக்காவை முழுக்கத் தெரிந்தவன் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தான். அவனுக்குத் தெரியாத, இனி ஒருநாளும் தெரியப்போகாத ஒரு கயல்விழி, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டு வந்தது. இன்னொரு சுற்று நடக்கலாமா என்று கேட்டுக் கையை நீட்டினான். நறுமுகை அதைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி, மெதுவாக எழுந்தாள்.